ஜனவரிக் குளிருக்குள்ள கிரிகல்பொத்த: கூட்டமா போனா ஆர் முன்னுக்கு நடக்கிறது?

வெள்ளவத்தைக் காத்து
வணக்கம் எல்லாருக்கும். பொங்கல் முடிஞ்சு வாற சனிக்கிழமை எங்கட ஒஃபிஸ் ஆக்களும் அவையின்ர வீட்டு ஆக்களுமா 14 பேர் ஹோட்டன் சமவெளிப் பார்க்குக்குப் போய் கிரிகல்பொத்த மலை ஏறுறதெண்டு முடிவெடுத்தாச்சு, வானும் பேசியாச்சு. ஆகச் சின்ன ஆளுக்கு 19 வயசு, ஆக மூத்த அக்காக்கு 56. வெள்ளி இரவு 11 மணிக்கு இஞ்ச இருந்து வெளிக்கிட்டு அவிசாவளை, ஹட்டன், நுவரெலியா, அம்பேவெலப் பக்கத்தால பட்டிப்பொல கேட்டுக்கு விடிய போய்ச் சேருறது, நடந்து முடிச்சு அண்டைக்கு இரவே கொழும்பு. இதுதான் பிளான். பிரச்சினை என்னெண்டா வட்ஸ்அப் குரூப் இப்பவே ரெண்டு கட்சியா உடைஞ்சிட்டுது. கெதியா நடக்கிற 4 பேர் சொல்லுகினம் நாங்கள் முன்னுக்குப் போய் உச்சியில நிக்கிறம் நீங்கள் ஆறுதலா வாங்கோ எண்டு, மற்றவை சொல்லுகினம் ஒண்டா வந்தா ஒண்டாத்தான் நடக்கோணும் எண்டு. போய்ப் பார்த்த ஆக்கள் என்ன சொல்லுறீங்கள்?

கெதிநடை
அந்த 4 பேரில நான் இல்லை, ஆனா அவையின்ர பக்கம்தான் நான். மெதுவா நடக்கிற ஆளுக்குப் பின்னால ஒவ்வொரு அடியா வைக்கிறது எவ்வளவு கஷ்டம் எண்டு மெதுவா நடக்கிற ஆக்களுக்கு விளங்காது. முழங்கால் நோகும், அதைவிட அந்தக் குளிருக்குள்ள நிண்டு நிண்டு போனா உடம்பு சூடேறாது, வேர்வை வேற காஞ்சு நடுக்கம் பிடிக்கும். ஆளாளுக்கு ஏத்த வேகத்தில போக விடுங்கோ, பாதை ஒண்டுதானே, உச்சியும் ஒண்டுதானே.

மலைநாட்டுக்காரன்
பாதை ஒண்டுதான்னு யாரு சொன்னா? உலக முடிவுங்கற (World's End) செங்குத்துப் பாறை விளிம்புக்குப் போற பாதை மாதிரி நெனச்சுக்கிட்டீங்க போல. அது 9 கிலோமீட்டர் சுத்து, ஞாயித்துக்கிழமைன்னா கூட்டம் கூட்டமா ஆளு, தவறிப்போகவே முடியாது. கிரிகல்பொத்த அப்படி இல்லங்க. ஃபார் இன்ங்கற பார்வையாளர் கட்டடத்துப் பக்கத்துல இருந்து போக 7, வர 7, மொத்தம் 14 கிலோமீட்டர் கிட்ட வரும். புல்வெளி, அப்புறம் காடு, திரும்பப் புல்வெளி, நடுவுல ஓடை, சேறு, ஆள் உசரத்துக்கு குட்டை மூங்கில் ரெண்டு பக்கமும் வந்து மூடுற இடம், மரை, அதாவது கடமான், நடந்து நடந்து உண்டான தடம் வேற பக்கமாப் பிரியும், அது மனுசன் போன பாதையா மரை போன பாதையான்னு மிஸ்ட் எறங்குன நேரத்துல பிரிச்சிப் பாக்கறது லேசு இல்ல. நான் பொறந்தது அந்தப் பக்கத்து தோட்ட லயத்துல, இப்பதான் கொழும்புல வேல.

வெள்ளவத்தைக் காத்து
ஓ. எங்கட பெடியள் அதை உலக முடிவோட சேர்த்துத்தான் நினைச்சவை போல. ரெண்டையும் ஒரே நாளில அடிக்கலாம் எண்டும் ஒரு ஆள் சொன்னவர்.

மலைநாட்டுக்காரன்
அடிக்கலாம். ராத்திரி முழுக்க வான்ல தூங்காம வந்துட்டு 23 கிலோமீட்டர் நடந்துட்டு, திரும்பவும் ராத்திரி முழுக்க வான்ல. யாருக்கு என்ன புடிக்குதோ.

பாலம் கட்டுறவன்
கணக்கு ஒண்டு போட்டுப் பாப்பம். நெய்ஸ்மித் எண்டு ஸ்கொட்லாந்து மலையேறி ஒராள் 1892 இல சொன்ன விதி இருக்கு, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணித்தியாலம், அதோட 600 மீட்டர் ஏத்தத்துக்கு இன்னொரு மணித்தியாலம் கூட்டோணும். 7 கிலோமீட்டருக்கு 84 நிமிஷம். கிரிகல்பொத்த உச்சி 2,390 மீட்டர் போல, தொடங்குற இடமே 2,100க்கு மேல, ஆக நேர் ஏத்தம் 300க்கு உள்ளதான், அதுக்கு ஒரு அரை மணித்தியாலம். எல்லாம் சேர்த்து 2 மணித்தியாலத்துக்கு உள்ள உச்சியில நிக்கலாம்.

மலைநாட்டுக்காரன்
😂 அந்த ஐயா 14 பேரோட போகல போல.

பாலம் கட்டுறவன்
சிரிக்காதீங்கோ, அதுதான் நானும் சொல்ல வாறன். அந்த விதி தனியா நடக்கிற, பழக்கமான, நிக்காம போற ஆளுக்கு. கூட்டத்தில ஒராள் சப்பாத்து நாடா கட்டுறதுக்கு நிண்டா 14 பேரும் நிக்கோணும், ஓடை கடக்கேக்க ஒவ்வொராளா கல்லில கால் வைச்சுக் கடக்கோணும், ஒராளுக்கு அரை நிமிஷம் எண்டாலும் ஒரு ஓடைக்கு 7 நிமிஷம் போயிடும். பிறகு போட்டோ. நேர் ஏத்தம் 300 எண்டாலும் பாதை ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் போகுது, அந்த இறக்கமெல்லாம் திரும்பி வரேக்க ஏத்தம். என்னைக் கேட்டா அந்த 2 மணித்தியாலத்தை மூண்டரையா எடுங்கோ. 7 மணிக்குத் தொடங்கினா பத்தரை, இறங்க அதே அளவு. இதில ஒளிஞ்சிருக்கிற கேள்வி ஆர் முன்னுக்கு எண்டது இல்லை, எத்தினை மணிக்குத் திரும்புறது எண்டதுதான். உச்சியைத் தொட்டாலும் தொடாட்டாலும் பதினொண்டரைக்கு எல்லாரும் முகத்தைத் திருப்போணும். இதைக் கொழும்பிலயே முடிவெடுத்துப்போட்டு ஏறுங்கோ, அங்க போய் முடிவெடுக்க ஏலாது, இன்னும் 20 நிமிஷம்தான் எண்டு ஒராள் சொல்ல எல்லாரும் தலையாட்டுவினம்.

கெதிநடை
பதினொண்டரை கொஞ்சம் ஓவர். சூரியன் மறைய 6 மணிக்கு மேல ஆகும்தானே. ஒரு மணி வரைக்கும் ஏறலாம்.

பாலம் கட்டுறவன்
ஜனவரி நடுவில 6.10 போல மறையும். எங்கட நாட்டில அந்தி நீளாது, சூரியன் நேர கீழ விழுறபடியா 20, 25 நிமிஷத்தில கும்மிருட்டு. ஒரு மணிக்கு உச்சியை விட்டா நாலரைக்குக் கீழ, அது எல்லாம் ஒழுங்கா நடந்தா. ஒராளுக்குக் கால் பிரண்டால்? பிரண்ட காலோட 7 கிலோமீட்டர் நடத்திக் கொண்டு வர மூண்டரை இல்லை, ஆறு மணித்தியாலம் வேணும். பதினொண்டரைக்குத் திரும்பினா அந்த ஆறு மணித்தியாலம் கையில இருக்கு.

தெஹிவளை நானா
இந்தக் கணக்கு சரியா ஈக்கிது. நாங்க கூட்டாளிமாரு போன டைம்ல காலைல நல்ல வெயில், பத்து மணிக்கு மேல ஒரே மிஸ்ட், முன்னுக்குப் போன ரெண்டு பேர் எங்கன்னு பின்னுக்கு ஈந்த எங்களுக்குத் தெரியா, பின்னுக்கு நாங்க வாறமா இல்லையான்னு அவனுகளுக்குத் தெரியா. போன்ல சிக்னல் வாற, போற. ரெண்டு பேரும் ஒரு இடத்துல நின்டு காத்திருந்திருக்கானுகள், நாங்க வரல்லன்னு பயந்து திரும்பி வந்திருக்கானுகள், நாங்க அவனுகளுக்கு ஏதோ ஆகிட்டுன்னு வேகமாப் போயிருக்கோம். கடைசில ஒரு திருப்பத்துல முட்டிக்கிட்டோம். யாருக்கும் ஒண்டும் ஆகல்ல, ஆனா ஒரு மணித்தியாலம் வேஸ்ட், மேல போகவும் ஏலாமப் போச்சு. அதுக்குப் பொறகு எங்கட செட்டுல ஒரே சட்டம், மெதுவா நடக்கிற ஆள்தான் முன்னுக்கு.

கெதிநடை
அப்ப எல்லாரும் ஆமை வேகம்.

தெஹிவளை நானா
மெய்தான். ஆனா பாருங்க, மெதுவா நடக்கிறவனைப் பின்னுக்கு விட்டா என்ன நடக்கும். முன்னுக்குப் போறவன் 10 நிமிஷம் ரெஸ்ட் எடுத்துட்டு, பின்னுக்கு வாறவன் மூச்சு வாங்கிட்டு வந்து சேர்ற நேரம் சரி போகலாம்னு எழும்புவான். களைச்சவனுக்கு ரெஸ்ட்டே இல்ல, களைக்காதவனுக்குத்தான் ரெஸ்ட். அதுதான் நாள் முழுக்க நடக்கும்.

ஸ்டெதஸ்கோப்
இதை நான் எழுத நினைச்சன், நானா எழுதிட்டீங்கள். வைத்தியப் பக்கமா ரெண்டு மூண்டு விஷயம் சொல்லுறன், ஏனெண்டா கொழும்பு ஆக்கள் எங்கட நாட்டில குளிர் எண்டா பெரிசா எடுக்கிறேல்லை.

உயரம் கூடக் கூட 1,000 மீட்டருக்கு ஆறு, ஆறரை பாகை குறையும், கடற்கரையில 30 எண்டா மேல 15, 16 தான், அதுவும் பகலில. ஜனவரி, பெப்ரவரியில வளிமண்டலவியல் திணைக்களம் விடிய நுவரெலியாப் பக்கம் துகள் உறைபனி எண்டு அறிவிக்குமே, அது மேகம் இல்லாத, காத்து அசையாத இரவுகளில. நிலம் தன்ர சூட்டை வானத்துக்கு விட்டுடும், குளிர்ந்த காத்து பாரம் கூடினபடியா பள்ளத்துக்கு இறங்கித் தேங்கும். அதால உறைபனி உச்சியில இல்லை, நீங்கள் நடக்கத் தொடங்குற புல்வெளிப் பள்ளத்திலதான் கூட. விடிய ஆறரைக்கு அங்க கை விறைக்கும், காட்டுக்குள்ள போனவுடன கொஞ்சம் இதமா இருக்கும், 10 மணிக்கு வெயில் சுடும், மிஸ்ட்டும் காத்தும் வந்தா திரும்ப நடுங்கும். ஒரு பெரிய ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு போறதை விட மெல்லிசா மூண்டு உடுப்பு நல்லம். தொடங்கேக்க கொஞ்சம் குளிருற மாதிரி இருக்கோணும், அப்பதான் ஏறேக்க வேர்க்காது. வேர்வையில நனைஞ்ச பருத்தி ரீசேட்டும் டெனிமும்தான் ஆகக் கூடாதது, நனைஞ்சா காயாது, காத்துப் பட்டா உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். 10 பாகையிலயும் நனைஞ்ச ஆளுக்கு உடல் வெப்பம் ஆபத்தாக் குறையலாம், பனி கொட்டோணும் எண்டு இல்லை. ஒராள் நடுங்கிக்கொண்டு கதை குழறினா, கால் தடுமாறினா, அவர் பகிடி விடேல்லை, உடன நிண்டு ஈர உடுப்பை மாத்தி காஞ்சதைப் போட்டு இனிப்பும் சூடான தேத்தண்ணியும் குடுங்கோ.

குளிர் எண்டு நினைச்சு வெயிலை மறக்கிறதும் இருக்கு. அந்த உயரத்தில புற ஊதாக் கதிர் கீழ இருக்கிறதை விட கூட, மூக்கும் கழுத்தும் உரிஞ்சு திங்கக்கிழமை ஒஃபிசுக்கு வருவியள்.

வெள்ளவத்தைக் காத்து
டொக்டர், மேல ஒட்சிசன் குறைவெண்டு ஒரு அம்மா பயப்பிடுறா.

ஸ்டெதஸ்கோப்
காத்தழுத்தம் கடல் மட்டத்தில இருக்கிறதில முக்கால்வாசி இருக்கும். கடற்கரையில இருந்து ஒரே இரவில போறபடியா ஏத்தத்தில மூச்சு வாங்கும், சிலருக்குத் தலை லேசா இடிக்கும். பெரிய மலைநோய் வழமையா 2,500 மீட்டருக்கு மேலதான் பார்க்கிறது. இருதய வருத்தம், கட்டுப்பாட்டில இல்லாத பிரஷர், ஆஸ்துமா இருந்தா அவையவையின்ர டொக்டரைக் கேட்டுப்போட்டு வரட்டும், இன்ஹேலர் வானுக்குள்ள இல்லை பொக்கெற்றுக்குள்ள இருக்கோணும்.

கோச்சிப் பைத்தியம்
ஆரும் டிரைவரைப் பற்றிக் கதைக்கேல்லையே. நீங்கள் நடந்து களைச்சு வானுக்குள்ள நித்திரை கொள்ளுவியள், அந்த மனுசன் இரவு முழுக்க வளைவு வளைவா ஓடி வந்து, பகலில வாகனத்துக்குள்ள அரைகுறையாப் படுத்து, திரும்ப இரவில ஹட்டன் ரோட்டால இறக்கோணும். மலையை விட அதுதான் எனக்குப் பயம். ஒண்டில் ரெண்டு டிரைவர், இல்லையெண்டா வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுட்டு நுவரெலியாவிலயோ ஒஹியப் பக்கமோ இரவு தங்குங்கோ. கோச்சியில வந்தா ஒஹிய ஸ்டேசனில இறங்கி பார்க்குக்கு 11 கிலோமீட்டர் போல, அதுக்கு ஓட்டோ பிடிக்கலாம், ஆனா 14 பேருக்கு எத்தினை ஓட்டோ எண்டு கணக்குப் போட்டா வான்தான் லாபம், அதை நானே ஒத்துக்கொள்ளுறன்.

வெள்ளவத்தைக் காத்து
இது நல்ல பொயின்ட். தங்குறதைப் பற்றி இண்டைக்கே கதைக்கிறன்.

மலைநாட்டுக்காரன்
இன்னொன்னு. கேட்ல பையத் தொறந்து பாப்பாங்க, பொலித்தீன், சிப்ஸ் பைக்கட் எல்லாம் எடுத்துருவாங்க, தண்ணி போத்தல்ல இருக்கற லேபலைக் கூட கழட்டுவாங்க. அங்க நின்னு சண்ட போட்டு அரை மணி நேரத்தை வேஸ்ட் பண்ணாதீங்க, வீட்லயே டப்பாவுல, வாழையிலையில கட்டிக்கிட்டு வந்துருங்க. ஸ்பீக்கர் வேணாம். மரைக்கு பாண் போடாதீங்க, ஃபார் இன் கிட்ட நிக்கிற மரைங்க மனுசன் கையப் பாத்தே பழகிருச்சு, பாக்கவே கஷ்டமா இருக்கு. ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் புல்லு காய்ஞ்சு கெடக்கும், ஒரு சிகரெட் துண்டு போதும். மகாவலி, களனி, வளவ மூணு ஆத்துக்கும் தண்ணி அந்தப் பக்கத்து காட்டுல இருந்துதான் வருது, நீங்க கொழும்புல பைப்பத் தொறந்தா வர்ற களனித் தண்ணியும் அதுல சேர்த்தி.

சும்மா வாசிக்கிறவன்
சிறுத்தை இருக்கா?

மலைநாட்டுக்காரன்
இருக்கு. நீங்க 14 பேரு பேசிக்கிட்டு போற சத்தத்துக்கு அது பக்கத்துல வராது. காலு சேத்துல சறுக்கறதுக்குத்தான் பயப்படணும்.

கெதிநடை
சரி, ஒண்டு கேக்கிறன், கோவப்படாதேங்கோ. அந்த 56 வயசு அக்கா, இன்னும் ரெண்டு மூண்டு வயசான ஆக்கள், அவை உலக முடிவுச் சுத்தைப் போகட்டும், இல்லாட்டி தொட்டுபொல ஏறட்டும், அது நாட்டில மூண்டாவது உயரமான மலை, 2,357 மீட்டர், ரோட்டில இருந்து கிட்டத்தான். மற்றவை கிரிகல்பொத்த. ரெண்டு பகுதிக்கும் சந்தோஷம்.

பம்பலப்பிட்டி அக்கா
தம்பி, அந்த 56 வயசு அக்கா நான்தான். என்ர மகள் இந்த லிங்கை அனுப்பினவள்.

நான் சிவனொளிபாதமலைக்கு சீசனுக்கு சீசன் போற ஆள், மார்கழிப் பொயாவில இருந்து வெசாக் வரைக்கும்தானே சீசன், கூட்டம் குறைஞ்ச கிழமையாப் பார்த்து நல்லதண்ணிப் பக்கத்தால 5,000க்கு மேல படி ஏறுவன், குருவிட்ட எரத்னப் பக்கத்தால நீளப் பாதையும் ஏறியிருக்கிறன். எங்கட குரூப்பில ஆர் மெதுவா நடக்கிறது எண்டு எனக்குத் தெரியும், அது ஜிம்முக்குப் போற ஒரு 24 வயசுப் பிள்ளை, பேர் சொல்லமாட்டன். போன முறை ஹந்தானை மலையில முதல் அரை மணித்தியாலம் ஓடி, பிறகு பாதி வழியில குந்திக்கொண்டு தண்ணி கேட்டது. வயசைப் பார்த்துப் பிரிக்காதேங்கோ.

ஆனா ஒண்டு நான் ஒத்துக்கொள்ளுறன். சிவனொளிபாதமலையில சீசனில வழி முழுக்க லைற், திருப்பத்துக்குத் திருப்பம் தேத்தண்ணிக் கடை, ஏலாட்டி இருக்கலாம், ஆக்கள் கருணை கருணை எண்டு சொல்லிக்கொண்டு கூட வருவினம், ஆரெண்டே தெரியாத ஆள் கையைப் பிடிச்சு ஏத்திவிடும். கிரிகல்பொத்தயில கடையும் இல்லை, லைற்றும் இல்லை, எங்களுக்கு நாங்கள்தான். அதால அங்க பழகின பழக்கத்தை இங்க கொண்டு வரக்கூடாது. பெம்பிளைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கோ, ஃபார் இன்னில டொய்லெட் இருக்கு, அதுக்குப் பிறகு 14 கிலோமீட்டருக்கு ஒண்டும் இல்லை, அதுக்குப் பயந்து தண்ணி குடிக்காம விடுறது பிழை, ஆளுக்கு 2 லீட்டர் வேணும். எங்களுக்குள்ள ரெண்டு பேர் துணைக்கு நிண்டா எல்லாம் நடக்கும், பாவிச்சதைக் கட்டித் திரும்பக் கொண்டு வாறதுக்கு ஒரு துணிப்பை எடுங்கோ.

கெதிநடை
அக்கா மன்னிச்சுக்கொள்ளுங்கோ 🙏 சொன்னதை வாபஸ் வாங்கிட்டன்.

தெஹிவளை நானா
😂😂 ஜிம் தம்பி இந்த லிங்கைப் பாத்தா வரமாட்டான்.

பாலம் கட்டுறவன்
கெதிநடை சொன்னதில நியாயம் இல்லாமல் இல்லை, நிண்டு நிண்டு போனா குளிரும், அது உண்மை. அதுக்கு எங்கட ஆக்கள் செய்யிற வேலை ஒண்டு இருக்கு. வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கெதியா நடக்கிறவனிட்டக் கேக்காதேங்கோ, அவன்ர பாரத்தைக் கூட்டுங்கோ. மெதுவா நடக்கிற ஆளின்ர பையில இருக்கிற தண்ணி, ஃபிளாஸ்க், முதலுதவிப் பெட்டி எல்லாத்தையும் அவன்ர முதுகில ஏத்தினா ரெண்டு பேரின்ர வேகமும் ஒண்டாகும். மெதுவா நடக்கிற ஆள் முதல், அவருக்கு அடுத்ததா அந்த 4 பேரில பாதை தெரிஞ்ச ஒராள். பொறுப்பான இன்னொராள் கடைசியில, அவருக்குப் பின்னால ஒருத்தரும் நிக்கக்கூடாது. பாதை பிரியிற இடம், ஓடை, காடு தொடங்குற இடம், இதில எல்லாம் நிண்டு தலையை எண்ணிப்போட்டுத்தான் அடுத்தது.

சும்மா வாசிக்கிறவன்
சாப்பாட்டையும் அவனிட்டக் குடுக்கலாமே

தெஹிவளை நானா
சாப்பாட்டை மட்டும் குடுக்காதீங்க, பொறகு எந்தச் சட்டம் போட்டாலும் நிக்க மாட்டான்.

மலைநாட்டுக்காரன்
கடைசி ஏத்தம் பாறையும் வேருமா செங்குத்தா இருக்கும், அங்க மட்டும் நடக்கற வரிசைய மாத்திக்கிட்டு நல்லா ஏறுறவங்க ரெண்டு பேரு மேல நின்னு கை குடுக்கலாம். வானம் தெளிவா இருந்தா மேல இருந்து சிவனொளிபாதமலை தெரியும், அக்காவுக்கு அது புடிக்கும். நாட்டுலயே ஆக ஒசரம் பீதுருதாலகால மலை, 2,524 மீட்டர், அதுல ஒளிபரப்புக் கோபுரமும் ஆமிக்காரங்களும் இருக்கறதால நடந்து ஏற விடமாட்டாங்க, அதனால நாட்டுல நாம கால்ல நடந்து ஏறி நிக்கக்கூடிய ஆக ஒசரமான எடம் இந்தக் கிரிகல்பொத்ததான். மிஸ்ட் இருந்தா ஒண்ணும் தெரியாது, வெள்ளையா இருக்கும், அதுக்கும் மனச தயார் பண்ணிக்கிட்டு வாங்க.

ஸ்டெதஸ்கோப்
ஒராளுக்கு ஒரு டோர்ச், போன் லைற் கணக்கில இல்லை. குளிருக்கு போன் பற்றரியும் கெதியா இறங்கும், உடம்போட ஒட்டி வைச்சிருங்கோ. அவசரம் எண்டா 1990 சுவசெரிய, ஆனா அம்புலன்ஸ் ரோட்டுக்குத்தான் வரும், உச்சிக்கு வராது.

வெள்ளவத்தைக் காத்து
எல்லாருக்கும் நன்றி. குரூப்பில போட்டுட்டன், கொஞ்சம் சத்தம் வந்தது, பிறகு அடங்கிட்டுது. வெள்ளி மத்தியானம் வெளிக்கிட்டு நுவரெலியாவில தங்குறம், தங்குற காசு கூடுதல்தான், ரெண்டு பேர் முணுமுணுத்தினம். விடிய கேட், 7 மணிக்கு நடை, பதினொண்டரைக்கு எங்க நிண்டாலும் திரும்புறது. உலக முடிவு இந்த முறை இல்லை. சாப்பாடு இடியப்பம் சரிவராது நசிஞ்சிடும் எண்டு வாழையிலையில புளிச்சோறு, கிழங்கு ரொட்டி, கட்டைச் சம்பல், எள்ளுருண்டை, இஞ்சி போட்ட பிளேன் டீ. வரிசையில முன்னுக்கு நடக்கிறது ஜிம் தம்பி, அவருக்கு நீங்கள்தான் வழிகாட்டி எண்டு சொல்லியிருக்கிறம், அவர் சரியான சந்தோஷம்.

பம்பலப்பிட்டி அக்கா
அவருக்குப் பின்னால நான் நடக்கிறன். எள்ளுருண்டை என்ர பையிலதான் வரும், அதை ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லை எண்டு அந்த 4 பேருக்கும் சொல்லிவிடுங்கோ.